மணலில் பதிந்த பெயர்கள்

பத்மநாபசுவாமி தரிசனம், கோவளத்தில் கால் நனைப்பு, சாலை பஜாரில் நேந்திரங்காய் சிப்ஸ். திருவனந்தபுரம் வரும் தமிழர்களின் பயணம் பெரும்பாலும் இத்துடன் முடிந்துவிடும். பாளையம் பக்கம் போனால் கேரளத் தலைநகரின் இன்னொரு பக்தி புரியும்: விளையாட்டு.

இங்கே பல்கலைக்கழக ஸ்டேடியம். கொஞ்ச தூரத்தில் போலீஸ் அதிகாரி சந்திரசேகரன் நாயர் பெயரில் ஒன்று. தலைமைச் செயலகத்தை ஒட்டி சென்ட்ரல் ஸ்டேடியம். வெள்ளயம்பலத்தில் வாலிபால் வீரர் ஜிம்மி ஜார்ஜ் பெயரில் உள்ளரங்கம். 2015 தேசிய விளையாட்டுப் போட்டிகளுக்காக காரியவட்டத்தில் எழுந்த ஸ்டேடியத்தில் சுமார் 50,000 பேர் அமரலாம்.

விதை போட்டவர் கர்னல் கோதவர்ம ராஜா. பூஞ்சாறு அரச குடும்பத்தில் பிறந்து திருவிதாங்கூர் அரச குடும்பத்தில் பெண்ணெடுத்தவர். 1954-ல் விளையாட்டுக் கவுன்சிலைத் தொடங்கி, 1971-ல் விமான விபத்தில் இறக்கும்வரை அதற்காகவே உழைத்தார். அவர் பிறந்த அக்டோபர் 13 கேரளத்தின் விளையாட்டு தினம். அருவிக்கரை அருகே மைலத்தில் உள்ள விளையாட்டுப் பள்ளிக்கும் அவர் பெயர்தான்.

ஆனால் மேலே சொன்ன ஸ்டேடியங்கள் எதற்கும் தாண்டுபவர் ஒருவரின் பெயர் இல்லை. இத்தனைக்கும் கேரளத்தின் பெருமையே தாண்டுதல்தான். பக்கத்துக் கொல்லத்தின் டி.சி. யோஹன்னான் 1974-ல் தெஹ்ரான் ஆசிய விளையாட்டில் 8.07 மீட்டர் தாண்டினார். அந்த இந்திய சாதனை 2004 வரை நிலைத்தது. அதே மாவட்டத்து சுரேஷ் பாபு 1978-ல் பாங்காக்கில் நீளம் தாண்டுதலில் தங்கம் வென்றார். தேசிய விளையாட்டுப் போட்டிகளுக்காக ராஞ்சி சென்றிருந்தபோது 2011-ல் காலமானார்.

ஜப்பானியர் வழி வேறு. 1928-ல் ஆம்ஸ்டர்டாமில் மும்முறை தாண்டுதலில் 15.21 மீட்டர் தாண்டி, தனிநபர் ஒலிம்பிக் தங்கம் வென்ற முதல் ஆசியர் ஆனார் மிக்கியோ ஒடா. ஹிரோஷிமா அருகே பிறந்தவர். அவர் திறந்த வழியில் 1932-ல் நம்புவும் 1936-ல் தாஜிமாவும் அதே போட்டியில் தங்கம் வென்றனர். 1998-ல் தன் 93-வது வயதில் ஒடா மறைந்தார். டோக்கியோவில் யோயோகி பூங்கா மைதானத்துக்கு இன்றும் அவர் பெயர். டோக்கியோவின் பழைய தேசிய ஸ்டேடியத்தில் நின்ற கொடிக்கம்பத்தின் உயரம் சரியாக 15.21 மீட்டர்! தரையில் தாண்டிய தூரத்தை நிமிர்த்தி வைத்துவிட்டார்கள். அங்கே வந்த சிறுவன் அண்ணாந்து பார்த்தாலே போதும், பாடம் புரிந்திருக்கும்.

இந்தியாவிலும் அந்த வரிசை உருவாகிவிட்டது. 2022 பர்மிங்ஹாம் காமன்வெல்த் விளையாட்டில் மும்முறை தாண்டுதலின் முதல் இரு இடங்களும் மலையாளிகளுக்கே. எல்தோஸ் பால் 17.03, அப்துல்லா அபுபக்கர் 17.02. நான்காவதாக வந்த நம் பிரவீன் சித்ரவேல் வெண்கலத்தை 3 சென்டிமீட்டரில் தவறவிட்டார். மறு ஆண்டே ஹவானாவில் 17.37 மீட்டர் தாண்டி தேசிய சாதனை படைத்தார்.

தாண்டியவுடன் அளக்கிறார்கள், அடுத்தவருக்காக மணலைச் சமன் செய்துவிடுகிறார்கள். தடம் அழிவது விளையாட்டின் விதி. பெயரும் அழிய வேண்டும் என்று விதி எதுவும் இல்லை. 8.07 மீட்டருக்கு ஒரு கம்பம் நட பெரிய பட்ஜெட் தேவையில்லை. பாளையத்தில் இடமும் இருக்கிறது.