ஆபரேட்டரம்மாவின் செடிகள்

நங்கநல்லூரில் எங்கள் ஃப்ளாட்ஸ் மொட்டை மாடிக்குத் துணி காயப்போட வருகிறவர்கள், கொடியில் கிளிப் மாட்டி முடித்ததும் நேரே இறங்கிப் போவதில்லை. தண்ணீர்த் தொட்டிக்கு அந்தப் பக்கம் பச்சை வலை கட்டிய ஒரு பந்தல் இருக்கிறது. அதற்குள் ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் படியில் கால் வைப்பார்கள். பார்த்ததும் முகம் மாறும். ஒருவருக்கு மாறுகிற விதத்தில் இன்னொருவருக்கு மாறுவதில்லை. சாயங்காலம் காற்றுக்காக நாற்காலி போட்டு உட்காருகிற எனக்கு அந்த முகங்களைக் கவனிப்பதே வழக்கமாகிவிட்டது.

பந்தலுக்குள் இருப்பவை பூச்சி தின்னும் செடிகள். மேலே கம்பியில் நெப்பந்தஸ் தொட்டிகள் தொங்குகின்றன. இலையின் நடுநரம்பு நுனியைத் தாண்டி நீண்டு, கொடியாக இறங்கி, முனையில் ஒரு குடுவையாக நிமிர்கிறது. குடுவைக்கு மேலே ஒரு மூடி. வாயைச் சுற்றி வரிவரியாகச் சிவந்த வழவழப்பான விளிம்பு. கீழே, தண்ணீர் நிற்கும் தட்டில், சின்னத் தொட்டிகளில் டிரோசிரா. பத்து ரூபாய் நாணயம் அகலத்துக்கு மண்ணோடு படிந்து கிடக்கும். இலை முழுக்கச் செந்நிற மயிர்கள். ஒவ்வொரு மயிரின் முனையிலும் ஒரு சொட்டுப் பசை.

இவற்றை வளர்ப்பவர் தொலைபேசி இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கணவர் காலமாகிவிட்டார். மகன், மருமகளோடு இரண்டாவது மாடியில் இருக்கிறார். வேலையை விட்டு வெகுகாலம் ஆகியும் எல்லாருக்கும் அவர் ஆபரேட்டரம்மாதான். மற்றவர்கள் பேசிக்கொள்வதற்கு லைன் போட்டுக் கொடுத்தே காலத்தைக் கழித்தவர், தான் அதிகம் பேசமாட்டார். காலையில் பேனா அளவில் ஒரு டி.டி.எஸ். மீட்டரோடு மேலே வருவார். எங்கள் போர்வெல் தண்ணீரில் அதை விட்டால் எண் ஆயிரத்தைத் தாண்டும். இந்தச் செடிகளுக்கு ஐம்பதுக்குள் இருந்தால் நல்லது. உப்பு ஏறினால் வேர் போய்விடும். அதனால் மழைத் தண்ணீர்; அது இல்லாத நாளில் மகன் அறை ஏ.சி.யிலிருந்து சொட்டுகிற தண்ணீர். தோட்டத்து மண் கிடையாது, உரமும் கிடையாது. பீட் மாஸும் பெர்லைட்டும்தான். சத்தில்லாத சதுப்பிலும் மணலிலும் பிறந்த குலம் இது. நைட்ரஜன் மண்ணில் கிடைக்காமல், ஊர்வதையும் பறப்பதையும் பிடித்துத் தேடிக்கொள்ளப் பழகியது. ஆசையாக மண்புழு உரம் வைத்தால் செத்துப்போகும்.

முதல் மாடி மாமி வடாம் பிழிய மேலே வந்த அன்று பந்தலுக்குள் வெகுநேரம் நின்றார். வெளியே வந்து, "ஏன் ஆபரேட்டரம்மா, உங்காத்துக்குள்ள முட்டைகூட வராதே. இது மட்டும் புழு பூச்சின்னு திங்கலாமோ?" என்றார்.

"அது திங்கிறது மாமி. நான் திங்கலையே."

மாமிக்கு அந்தப் பதில் போதவில்லை. முகத்தில் சங்கடம் அப்படியே இருந்தது. அதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை. உலகத்துச் செடிகொடிகளுக்கெல்லாம் பெயர் சூட்டி வரிசைப்படுத்திய ஸ்வீடன் நாட்டு லின்னேயஸுக்கும் இதே சங்கடம் இருந்தது. இலையே பொறியாக மூடிப் பூச்சியைப் பிடிக்கும் வீனஸ் பிளைட்ராப் பற்றி 18ஆம் நூற்றாண்டில் அவருக்குத் தகவல் போனபோது, அது பூச்சியைத் தின்கிறது என்பதை அவர் ஏற்கவில்லை. படைப்பின் ஒழுங்கில் விலங்கு செடியைத் தின்னலாம். செடி விலங்கைத் தின்பது அந்த ஒழுங்குக்கே விரோதம் என்பது அவர் எண்ணம்.

அடுத்த முறை மாமி வந்தபோது கையில் ஒரு காகித மடிப்பு. பிரித்தால் உள்ளே செத்த ஈ. "ஜன்னல்கிட்ட தானாச் செத்துக் கிடந்தது. இதைக் குடுத்தா தோஷமில்லையோன்னோ?" ஆபரேட்டரம்மா ஒரு குடுவையைச் சாய்த்துக் காட்டினார். மாமி கண்ணை மூடிக்கொண்டு போட்டார். இப்போது அவருக்கென்று ஒரு தொட்டி இருக்கிறது.

வாட்ச்மேன் இன்றுவரை உள்ளே போகவில்லை. வாசலில் நின்றபடியே, "மனுசன் கை மாட்டுனா என்னம்மா ஆவும்?" என்று கேட்பார். இந்த பயம் பழையது. 1874இல் 'நியூயார்க் வேர்ல்டு' என்ற பத்திரிகை, மடகாஸ்கர் தீவில் ஒரு மரம் ஆளைச் சுற்றி வளைத்துத் தின்றதாக ஒரு கட்டுரை போட்டது. அடிமுதல் நுனிவரை புளுகு. ஆனால் கதைப் புத்தகம், சினிமா என்று கைமாறிக் கைமாறி அந்தப் புளுகு எந்தெந்த ஊருக்கோ போய்விட்டது. உண்மையில் இந்தக் குலத்தில் பெரிய குடுவைகளுள் ஒன்று போர்னியோ தீவின் கினபாலு மலையில் வளரும் நெப்பந்தஸ் ராஜா. இரண்டு லிட்டருக்கு மேல் தண்ணீர் பிடிக்கும். எப்போதாவது ஓர் எலி தவறி விழுந்து செத்ததைப் பார்த்திருக்கிறார்கள். அதோடு சரி.

சொந்தக்காரர்கள் கல்யாணப் பத்திரிகை வைக்க வரும்போது கேட்பவை வேறு. காய் காய்க்குமா? பூஜைக்கு ஆகுமா? விற்றால் விலை போகுமா? குரோட்டன்ஸ் வைத்திருக்கும் வீட்டில் யாரும் இதைக் கேட்பதில்லை. விதவையான ஒரு பெண்மணி, வயதான காலத்தில் கோயில் குளம் என்று இல்லாமல் பூச்சி பிடிக்கிற செடியோடு நிற்கிறாரே என்பதுதான் அந்தக் கேள்விகளுக்குள் இருக்கும் கேள்வி. அதை அவர் அறிவார். "காபி சாப்பிடறீங்களா?" என்று கேட்டுப் பேச்சை முடித்துவிடுவார். அவருடைய அந்த நிதானம் எனக்கு மிகவும் பிடிக்கும்.

பிள்ளைகள் வந்தால் மட்டும் வாய் திறப்பார். எதிர் ஃப்ளாட்டில் ப்ளஸ் ஒன் படிக்கும் பையன் ஒருவன் கிரிக்கெட் பந்தைத் தேடி மாடிக்கு வந்தான். குடுவையைக் கண்டதும் பந்து மறந்துபோனது. "பாட்டி, இது ஒன் மார்க் கேள்வி! இலைத்தாள் குடுவையா மாறியிருக்கு. நெப்பந்தஸ்!" புத்தகத்தில் கறுப்புக் கோட்டுப் படமாகப் பார்த்தது கண் எதிரே தொங்கும் என்று அவன் எதிர்பார்க்கவில்லை. அப்போதுதான் மழை விட்டிருந்தது. "இங்க வா, விளிம்பைப் பாரு" என்றார் அவர்.

நானும் எழுந்து போய்ப் பின்னால் நின்று பார்த்தேன். மூடிக்கு அடியிலும் விளிம்பிலும் கசியும் தேனுக்கு ஒரு கறுப்பெறும்பு வந்திருந்தது. மத்தியானம் விளிம்பு காய்ந்திருந்தபோது இதே வழியில் எறும்புகள் சாவதானமாகப் போய் வந்திருக்கும். போய்க் கூட்டாளிகளுக்கும் சொல்லியிருக்கும். இப்போது விளிம்பில் மழைநீர் மெல்லிய ஏடாகப் படர்ந்திருக்கிறது. எறும்பு ஒரு காலை வைத்தது, வழுக்கியது. அடுத்த காலை ஊன்றியது, அதுவும் வழுக்கியது. உள்ளே விழுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை. மூடி மூடவும் இல்லை. "மூடி ஆடவே இல்லையே!" என்றான் பையன். "அது மழைத்தண்ணி ரொம்ப உள்ள போகாம இருக்கிறதுக்குடா. கதவு இல்லை." பையன் வெகுநேரம் பேசவில்லை. பிறகு தினமும் வர ஆரம்பித்தான்.

சின்னப் பிள்ளைகளுக்கு வீனஸ் பிளைட்ராப்தான் வேண்டும். துடைப்பக் குச்சியோடு வருவார்கள். இலைப் பொறிக்குள் இருக்கும் நுண்மயிரை ஒரு முறை தொட்டால் ஒன்றும் ஆகாது. இருபது விநாடிக்குள் மறுபடி தொட்டால் படக்கென்று மூடும். ஒற்றைத் தூசிக்கும் மழைத்துளிக்கும் ஏமாறாமல் இருக்க அது வைத்திருக்கும் கணக்கு. அவர் ஒரு பிள்ளைக்கு ஒரு தடவைதான் அனுமதிப்பார். "சும்மா வாய மூடுறதுகூட அதுக்குச் செலவுடா. சில தடவ ஏமாந்தா அந்த இலையே கருகிடும்."

மாநகராட்சிக் கொசு ஒழிப்புப் பணியாளர் வந்த நாள் எனக்கு மறக்காது. வீடு வீடாக மாடி ஏறி, தேங்காய் ஓடு, பழைய டயர், மூடாத தொட்டி என்று பார்த்துக்கொண்டு வருகிறவர். பந்தலில் இத்தனை வாய் திறந்த குடுவைகளைக் கண்டதும் நெற்றி சுருங்கியது. "என்னம்மா, எல்லாத்துலயும் தண்ணி தேங்கியிருக்கு?" டார்ச்சைப் போட்டு ஒவ்வொரு குடுவையாகப் பார்த்தார். உள்ளே எறும்புக் கால்கள், ஒரு கரப்பான் ஓடு, கலங்கல் நீர். நெளிகிற புழு எதுவும் இல்லை. ஆபரேட்டரம்மா அவரைக் கீழ்த்தட்டுப் பக்கம் கூப்பிட்டு டிரோசிராவைக் காட்டினார். அன்றைக்குக் காலையில் ஒட்டிய கொசு ஒன்று, நாலா பக்கமிருந்தும் மயிர்கள் வளைந்து அமுக்க, இலை நடுவில் கிடந்தது. அந்த மனிதர் மண்டியிட்டுவிட்டார். போனில் படம் எடுத்தார். "இத வீட்டுக்கு வீடு குடுத்தா எங்க வேலை மிச்சம்மா."

"அப்படி நம்பிடாதீங்க. ஒரு ராத்திரியில நாலஞ்சு பிடிச்சாலே அதிகம். உங்க வேலைதான் வேலை."

தன் செடிக்கு இல்லாத பெருமையைத் தானாக வந்தாலும் வாங்காமல் திருப்பிக் கொடுத்தார். பணியாளரும் ஏ.சி. தண்ணீர் வாளிக்குத் துணி கட்டி மூடச் சொல்லிவிட்டு, பதிவேட்டில் குறித்துக்கொண்டு போனார். மறுமுறை வந்தபோது கூட வேலை பார்க்கிற இருவரை அழைத்து வந்திருந்தார்.

வீட்டுக்குள்ளே மருமகளின் பங்கு பெரியது. பிளைட்ராப்பின் பூர்வீகம் அமெரிக்காவின் வட, தென் கரோலினா மாநிலங்கள். அங்கே குளிர்காலத்தில் அது ஓய்வெடுக்கும். ஓய்வு இல்லாவிட்டால் சில வருடங்களில் தேய்ந்து செத்துவிடும். சென்னையில் ஏது குளிர்காலம்? டிசம்பர் வந்ததும் செடியைக் கழுவி, ஈரப் பாசியில் சுற்றி, டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும். தயிர்ப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் மூன்று மாதம் அந்த டப்பா இருக்கும். "பூச்சிச் செடி, திறக்க வேண்டாம்" என்று அதன்மேல் எழுதி ஒட்டியது மருமகள்தான். டார்வின் 1860இல் டிரோசிராவைக் கையிலெடுத்து அதற்கு இறைச்சித் துணுக்கு, பால், முட்டை வெள்ளைக்கரு என்று கொடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அவர் மனைவி எம்மா ஒரு கடிதத்தில், இவர் இதை உயிருள்ள பிராணியாகவே நடத்துகிறார், கடைசியில் விலங்கென்றே நிரூபித்துவிடுவார் போல என்று எழுதினார். கேலிதான். ஆனால் அந்த வீட்டில் டிரோசிராவுக்கு இடம் இருந்தது. 1875இல் டார்வின் பூச்சியுண்ணும் செடிகளைப் பற்றி ஒரு முழுப் புத்தகமே கொண்டுவந்தார். இடம் கொடுக்கிற ஒரு வீட்டு மனுஷி இல்லாமல் இப்படிப்பட்ட பித்து எதுவும் நிலைக்காது.

ஆபரேட்டரம்மா கோபப்பட்டு நான் பார்த்தது ஒரு முறைதான். கொழுந்தனார் மகன் மழைக்காலத்தில் நண்பர்களோடு கோத்தகிரி போய்விட்டு வந்தான். நல்ல பிள்ளை, பெரியம்மாமேல் பாசம் உள்ளவன். மூச்சு வாங்க மாடி ஏறி வந்து ஒரு பிளாஸ்டிக் கவரை நீட்டினான். "உங்களுக்குன்னே தேடிப் பிடிச்சேன் பெரியம்மா." உள்ளே ஈரமண்ணோடு ஒரு கைப்பிடி டிரோசிரா. மலையில் வளரும் பெல்டேட்டா இனம். மெல்லிய தண்டு, கேடயம் போன்ற சிறு இலைகள், ஒன்றில் வெள்ளைப் பூ.

அவர் கவரை வாங்கவில்லை. "யாரக் கேட்டுப் பிடுங்குன?"

"அங்க புல்லு முழுக்க இருக்கு பெரியம்மா. நாலு எடுத்தா குறைஞ்சா போயிடும்?"

"நீ ஒருத்தனாடா போற அங்க? சீசனுக்கு எத்தன பேரு போறாங்க? ஆளுக்கு நாலுன்னா?" குரல் உயர்ந்தது. "இதுக்குக் கிழங்கு உண்டு. மழை நின்னா தண்டு காஞ்சிடும், கிழங்கு மண்ணுக்குள்ள தூங்கும். அடுத்த மழைக்கு எழுந்து வரும். நீ தண்டை மட்டும் பிடுங்கிட்டு வந்திருக்க. கிழங்கு அங்கயே நின்னு போச்சு. இது இங்க நாலு நாள் தாங்காது."

பையன் முகம் சுண்டிப்போனது. அவர் சற்று நேரம் கழித்துத் தானே கவரை வாங்கி, மழைத் தண்ணீர் விட்டு நட்டு, நிழலில் வைத்தார். அவர் சொன்னபடியே ஆயிற்று. பசை முதலில் காய்ந்தது, பிறகு இலை.

அந்தக் கோபம் நியாயமானது. நீலகிரியின் ஈரப் புல்வெளிகளைத் தேயிலையும் தைல மரமும் சீகை மரமும் ஏற்கெனவே எடுத்துக்கொண்டுவிட்டன. மிச்சம் இருப்பதில்தான் இந்தச் செடிகள் பிழைத்துக் கிடக்கின்றன. இந்தியாவில் இயற்கையாக வளரும் ஒரே நெப்பந்தஸ் இனமான காசியானா மேகாலயாவில் அருகிப்போனதற்குத் தோண்டி விற்றதும் ஒரு காரணம். காட்டிலிருந்து எடுத்த அதன் செடிகளைச் சர்வதேச அளவில் விற்க, அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் அட்டவணை தடை போடுகிறது. வட கரோலினாவில் காட்டு பிளைட்ராப்பைத் திருடுவது 2014 முதல் சிறைக்குப் போகும் அளவு கடுங்குற்றம். அருவருப்பையும் கேலியையும் இந்தச் செடிகள் தாங்கிக்கொள்ளும். ஆசையோடு வேரறுக்கும் கையைத் தாங்காது.

மழைக்காலத்தில் நீலகிரிக்கோ கொடைக்கானலுக்கோ போகிறவர்கள் சாலையோர ஈரப் புல்லில் கொஞ்சம் குனிந்து பாருங்கள். வெயில் பட்டு மின்னுகிற சிவந்த இலை கண்ணில் பட்டால் படம் எடுத்துக்கொள்ளுங்கள், கை வைக்காதீர்கள். வளர்க்க ஆசையிருந்தால், விதையிலிருந்தோ திசு வளர்ப்பிலிருந்தோ உண்டாக்கிய செடியா என்று கேட்டு நர்சரியில் வாங்குங்கள். எங்கிருந்து வந்தது என்று சொல்லத் தயங்குகிறவரிடம் வாங்காதீர்கள்.