சுவரும் சித்திரமும்

“சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம்” என்பார்கள் நம் வீட்டுப் பெரியவர்கள். உடம்பைப் பார்த்துக்கொள் என்பதற்காகச் சொல்லும் வார்த்தை அது. ஆனால், நிஜமான சுவர்களையும் நிஜமான சித்திரங்களையும் பற்றிக் கொஞ்ச காலமாகப் படித்து வரும் எனக்கு, இந்தப் பழமொழி பாதி உண்மைதானோ என்று ஒரு சந்தேகம் தட்டியிருக்கிறது. நீங்களே கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள்.

நான் சொல்வது அரண்மனைச் சித்திரத்தை அல்ல. ஒரு பேட்டை ஜனங்கள் ஒன்று கூடித் தங்கள் கதையைத் தெருச் சுவரில் எழுதிக்கொள்ளும் கலையை. இதற்கு வழி காட்டிய நாடு மெக்ஸிகோ. புரட்சிக்குப் பின், 1921-ல் கல்வி மந்திரியான ஹோஸே வாஸ்கான்ஸெலோஸ், எழுத்தறியாத ஜனங்களுக்கும் நாட்டின் சரித்திரம் எட்ட வேண்டும் என்று சர்க்கார் கட்டடச் சுவர்களை ஓவியர்களிடம் ஒப்படைத்தார். ரிவேரா, ஒரோஸ்கோ, ஸிகேய்ரோஸ் மூவரும் அதில் பெரும் பெயர் எடுத்தார்கள்.

ஸிகேய்ரோஸ் 1932-ல் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஒரு சுவரில் படம் எழுதினார். கேட்டவர்கள் எதிர்பார்த்தது பசுஞ்சோலை. அவர் எழுதியதோ, சிலுவையில் கட்டுண்ட ஒரு பழங்குடி மனிதனை. அவன் தலைக்கு மேல் ஒரு கழுகு! பொறுப்பார்களா? சில வருஷங்களுக்குள் வெள்ளையடித்து மறைத்துவிட்டார்கள். ஆனால் 1960-களின் பிற்பகுதியில் அந்த வெள்ளை உதிர்ந்து, அடியிலிருந்து படம் எட்டிப் பார்த்தது! பிறகு அதைப் பாதுகாத்து, 2012-ல் பொதுமக்கள் பார்க்கத் திறந்து வைத்தார்கள்.

சிகாகோவில் நடந்தது வேறு. 1967-ல் அங்கே கறுப்பு மக்கள் வாழும் பகுதியில், பாழடைந்த ஒரு கட்டடத்தின் மீது, கலைஞர்கள் சிலர் சேர்ந்து ‘மரியாதைச் சுவர்’ எழுதினார்கள். குத்துச்சண்டை வீரர் முகம்மது அலி, பாடகி நீனா ஸிமோன், தலைவர் மால்கம் எக்ஸ் என்று தங்கள் இனத்துப் பெருமக்களையெல்லாம் அதில் நிறுத்தினார்கள். 1972-ல் கட்டடம் இடிக்கப்பட்டது. சுவர் போயிற்று; சித்திரமும் போயிற்று. ஆனால் அதற்குள் அதைப் பார்த்து மற்ற நகரங்களில் எத்தனையோ சுவர்கள் வர்ணம் பூசிக்கொண்டுவிட்டன.

லாஸ் ஏஞ்சல்ஸில் ஜூடித் பாக்கா என்ற பெண்மணி செய்தது எனக்கு எல்லாவற்றையும்விட விசேஷமாகப் படுகிறது. வெள்ளநீர் ஓடும் ஒரு கான்கிரீட் கால்வாய். அதன் பக்கச் சுவர்தான் அவருக்குக் கிடைத்தது. 1976-ல் தொடங்கி 1983 வரை ஐந்து கோடைகளில், நானூறுக்கு மேற்பட்ட இளைஞர்களை வைத்துக்கொண்டு, சுமார் அரை மைல் நீளத்துக்குக் கலிபோர்னியாவின் கதையை எழுதினார். இளைஞர்களில் பலர் போலீஸ், கோர்ட்டு என்று அலைந்தவர்கள். பாடப் புத்தகங்கள் அதிகம் பேசாத பழங்குடியினரும், யுத்த காலத்தில் முகாம்களில் அடைக்கப்பட்ட ஜப்பானிய வம்சாவளியினரும் அந்தச் சுவரில் இருக்கிறார்கள்.

“எல்லாம் சரி, எப்படி எழுதுகிறார்கள்?” என்று கேட்கிறீர்களா? முதலில் தூரிகையைத் தொடக் கூடாது. காதைத்தான் தீட்டிக்கொள்ள வேண்டும். அக்கம்பக்கத்தாரிடம், முக்கியமாக வயதானவர்களிடம், கதை கேட்க வேண்டும். பிறகு காகிதத்தில் சிறு படம். அதன் மேல் கட்டம் போட்டு, அதே எண்ணிக்கையில் சுவரிலும் பெரிய கட்டங்கள் போட்டுக்கொண்டால், ஒவ்வொரு கட்டமாகப் பெரிதாக்கிவிடலாம். அந்த நாளில் நம் சினிமா பானர் ஆர்ட்டிஸ்டுகள் செய்த அதே தந்திரம்தான். சுவரைத் தேய்த்துக் கழுவி, விரிசலை அடைத்து, பிரைமர் பூசிக் காய விட வேண்டும். இதில் சோம்பல் பட்டால் அடுத்த மழையிலேயே வர்ணம் உரிந்துவிடும். கோடு போடுவதும் முகம் எழுதுவதும் கைதேர்ந்தவர் வேலை. இடையில் வர்ணம் நிரப்பச் சின்னக் குழந்தையும் வரலாம்.

எங்கள் பேட்டையில் பிள்ளைகள் ஒரு சுவரை எழுதியபோது நானும் ஒரு டப்பாவும் பிரஷ்ஷுமாகப் போய்ச் சேர்ந்துகொண்டேன். காகிதப் படத்தில் கோயில், குளம், பள்ளிக்கூடம், மூலையில் வேப்பமரம் எல்லாம் இருந்தன. அந்த மரத்தடியில் வெகுகாலமாக இஸ்திரி வண்டி வைத்திருக்கும் பெரியவர் எட்டிப் பார்த்தார்.

“நல்லா இருக்கு தம்பி. மரத்தைப் போட்டீங்க. கீழே வண்டியைக் காணோமே?” என்றார்.

பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு சிறுமி ரப்பரை எடுத்தாள். மரம் கொஞ்சம் இடது பக்கம் நகர்ந்தது, வண்டி வந்தது, பெட்டியில் கனலும் வந்தது. அன்று முதல் யாராவது நோட்டீஸும் பசை வாளியுமாக அந்தச் சுவரை நெருங்கினால், பெரியவர் இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நிற்கிறார்!

என் சந்தேகம் இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும். சுவர் இருந்தால் சித்திரம் எழுதலாம், வாஸ்தவம். அந்தச் சித்திரத்தில் தனக்கும் ஓர் இடம் இருந்தால்தான் சுவரைக் காப்பாற்ற ஒரு மனிதன் எழுந்து நிற்கிறான்.

உங்கள் தெருவிலும் ஒரு வெறும் சுவர் இருக்கும். சொந்தக்காரரிடம் அனுமதி கேளுங்கள். வர்ணக் கடைக்குப் போகுமுன், அந்த வழியே தினமும் நடப்பவர்களில் பத்துப் பேரை நிறுத்தி, “இதில் யார் யார் இருக்க வேண்டும்?” என்று கேளுங்கள். பதினோராவது ஆள் தாமாகவே வந்து சொல்வார்.