காற்று அடித்தால் ஓடாது

'பராமரிப்புப் பணி: பழனி ரோப்கார் நாளை இயங்காது' என்று பேப்பரில் செய்தி வந்தால் எனக்கு உள்ளுக்குள் ஒரு திருப்தி. வீட்டில் இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். படியேற முடியாத பெரியவர்கள் வந்து ஏமாந்து நிற்பார்கள் என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் 2004 நவம்பரில் தொடங்கிய அந்த ரோப்கார் மாதம் ஒரு நாள் நிற்கிறது, ஆண்டுப் பராமரிப்புக்கு வாரக்கணக்கில் நிற்கிறது, காற்று பலமாக அடித்தால் அப்போதும் நிற்கிறது என்றால், அங்கே யாரோ தன் வேலையை ஒழுங்காகப் பார்க்கிறார் என்று அர்த்தம். நான் பார்த்த வேலையும் அதுதான்.

மெக்கானிக்கல் முடித்த நண்பர்கள் பெங்களூரிலேயே எச்.எம்.டி., பெமல் என்று சேர்ந்தபோது நான் ரோப்வே வேலைக்குப் போனேன். 1990களில் அது என்னை இமயமலையில் ஔலிக்குக் கொண்டுபோய் விட்டது. ஜோஷிமடத்திலிருந்து ஔலிக்கு நான்கு கிலோமீட்டருக்கும் மேல் போகும் கேபிள் கார், பத்து டவர்கள்; ஒரு கேபின் ஏறினால் இன்னொன்று இறங்கும். மேலே பனிச்சறுக்குப் பயிற்சி நடக்கும் சரிவு. தயிர்சாதத்தில் வளர்ந்த என் கால்களையும் இரண்டு பலகைகளில் மாட்டிவிட்டார்கள்.

பயிற்சியாளர் முதலில் சறுக்கக் கற்றுத் தரவில்லை, விழக் கற்றுத் தந்தார். பின்னால் உட்காராதே, பக்கவாட்டில் சாய், பலகைகளைச் சரிவுக்குக் குறுக்கே வை, பிறகு எழுந்திரு. அடுத்த பாடம் நிற்பது: முன்நுனிகளை நெருக்கி, குதிகால்களை அகட்டி, பலகையின் உள்விளிம்பால் பனியை அழுத்த வேண்டும். வேகத்துக்கு யாரும் பாடம் எடுக்கவில்லை. அதைச் சரிவு பார்த்துக்கொள்ளும்.

லிஃப்ட்டிலும் மோட்டாரைவிட பிரேக்கைப் பற்றித்தான் நாங்கள் அதிகம் பேசுவோம். ஒன்று மோட்டார் பக்கம். அது கைவிட்டால் வடத்தை இழுக்கும் பெரிய சக்கரமான புல்வீலையே கவ்விப் பிடிக்க இன்னொன்று. வடத்துக்கு முடிச்சும் கிடையாது, வெல்டிங்கும் கிடையாது. இரு முனைகளையும் ஸ்பிளைஸ்தான் போட வேண்டும். 40 மி.மீ. வடமென்றால் விட்டத்தைப்போல் 1200 மடங்கு, அதாவது 48 மீட்டர் நீளத்துக்கு, ஆறு புரிகளையும் பிரித்து, ஒரு முனையின் புரி கிடந்த பள்ளத்தில் மறு முனையின் புரியைப் படுக்கவைப்பார்கள். மிஞ்சும் நுனிகளை, நடுவிலிருக்கும் நாரை உருவிவிட்டு அந்த இடத்தில் செருகுவார்கள். முடிந்தபின் கையால் தடவினால் சேர்ந்த இடம் தட்டக் கூடாது. ஸ்பிளைஸ் போடுகிறவர் அன்று யாரோடும் பேசமாட்டார். டீ நீட்டினாலும் முறைப்பார்.

பனிச்சறுக்குக்கான முதல் நாற்காலி லிஃப்ட் 1936இல் அமெரிக்காவின் சன் வேலியில் வந்தது. அதை வடிவமைத்த ஜேம்ஸ் கரன், கப்பலில் வாழைத்தார் ஏற்றும் கன்வேயரை அறிந்தவர். தார் தொங்கிய கொக்கியின் இடத்தில் நாற்காலியை மாட்டினார். கே.ஆர். மார்க்கெட்டில் தார் இறக்குவதைப் பார்த்தால் இன்றும் எனக்கு அவர் நினைவுதான். ஒரே ஒரு வித்தியாசம், நடுவழியில் நின்றால் வாழைத்தார் திட்டாது.

என்னைத் திட்டாத மொழி இல்லை. வெயில் பளிச்சென்று அடிக்கும். கீழே ஒரு இலைகூட அசையாது. மேலே டவர் உச்சியில் காற்று ஏறிக்கொண்டிருக்கும். டிக்கெட் எடுத்தவர்களுக்கு அது எப்படித் தெரியும்? இப்போது சொல்லிவிடுகிறேன்: நிறுத்தும் பட்டனை அழுத்தும்போது எனக்குப் பயம் மட்டும் இருந்ததில்லை, கொஞ்சம் அதிகாரச் சுகமும் இருந்தது. இன்னொன்று, என் லிஃப்ட்டில் நான் ஒருநாளும் நிம்மதியாகப் போனதில்லை. மனைவி ஒருமுறை கூட வந்து, "அங்க பாருங்க, நந்தாதேவி!" என்றபோது, டவர் சக்கரம் ஒன்று வேறு மாதிரிக் கத்துவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். "உங்களோட மலைக்கு வர்றதுக்கு ஒர்க்ஷாப்புக்கே போயிருக்கலாம்" என்றாள்.

அவள் சொன்னது சரிதான். ஆனால் 2017 ஜூனில் காஷ்மீரின் குல்மார்க்கில் காற்றில் மரம் சாய்ந்து வடத்தின்மேல் விழுந்து, கேபின் கீழே போய் ஏழு பேர் இறந்தார்கள். 2022 ஏப்ரலில் ஜார்க்கண்டின் திரிகூட மலையில் கேபின்களில் இரவெல்லாம் தொங்கியவர்களை விமானப்படை ஹெலிகாப்டர்கள் தூக்க வேண்டியிருந்தது. மூன்று பேர் பிழைக்கவில்லை. இரண்டு முறையும் நான் டிவியை அணைத்துவிட்டு, பழைய மீட்புப் பயிற்சிக் குறிப்புகளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எதற்கு என்று கேட்டால் பதில் இல்லை.

எனக்குத் திருப்தி தராத நிறுத்தம் ஒன்றும் உண்டு. 2023 ஜனவரியில் ஜோஷிமடத்தில் மண் உள்வாங்கி வீடுகளில் வெடிப்பு விழுந்தது. கேபிள் காரையும் நிறுத்தினார்கள். அதற்குக் காற்று காரணமில்லை, பிரேக்கும் காரணமில்லை. டவர் நிற்கும் தரையையே நம்ப முடியாதபோது என்னைப் போன்றவன் எந்தப் பட்டனை அழுத்துவது?

அதே ஆண்டு மார்ச்சில் இங்கே பெங்களூர் பக்கத்து நந்தி மலை ரோப்வேக்கு அடிக்கல் நாட்டினார்கள். அல்சூர் ஏரிக்கரையில் என்னோடு நடப்பவர்கள், "சார், எப்போ வரும்? உங்களுக்குத்தானே தெரியும்" என்கிறார்கள். நான் திருப்பிக் கேட்பது வேறு. காற்று அளக்கும் கருவியை எந்த டவரில் வைப்பார்கள்? கேபின் நடுவில் நின்றால் ஆட்களை எப்படி இறக்குவார்கள்? ஞாயிற்றுக்கிழமை விடியலில் அத்தனை கூட்டமும் 'ஓட்டு, ஓட்டு' என்று கத்தும்போது, முடியாது என்று சொல்லும் அதிகாரம் யாருக்கு? நான் மூன்றாவது கேள்விக்கு வருவதற்குள் பாதிப்பேர் இட்லிக் கடைப் பக்கம் போய்விடுகிறார்கள்.