மூடாத ஜன்னல்!

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பெனியில் எனக்கு கம்ப்யூட்டர்களைக் கட்டி மேய்க்கும் உத்தியோகம். 2023 செப்டம்பரில் வயிற்றைக் கலக்கும் ஒரு சேதி. 'வெப்பி' ரகப் படங்களைக் காட்டும் புரோகிராமில் ஓட்டையாம். விஷமப் படம் உள்ள பக்கத்தைத் திறந்தாலே போதும், திருடன் உள்ளே! 11-ம் தேதியே குரோமுக்கு ஒட்டுப் போட்டு அனுப்பிவிட்டது கூகுள்.

சர்வரைப் போய்ப் பார்த்தேன். ஊர்ச் சம்பளமெல்லாம் அதில்தான் இருக்கிறது. ஒட்டு தானாகவே வந்து இறங்கியிருந்தது. ஆனால், குரோமை மூடித் திறந்தால்தானே அது அமலுக்கு வரும்? லாக்-ஆஃப் செய்யாமல் இணைப்பை மட்டும் துண்டித்துவிட்டு சென்ட்ரல் ரயிலைப் பிடிக்க ஓடுகிற ஜென்மங்களாச்சே நாம்! மருந்தை வாங்கி அலமாரியில் வைத்த கதை.

"எந்த மகானுபாவர்யா இதைத் திறந்து போட்டது?" என்று கத்தினேன்.

அக்கவுண்ட்ஸ் தம்பி லிஸ்ட்டைப் பார்த்துவிட்டு மெதுவாக, "சார்... உங்க பேர்லதான் ஓடுது" என்றான்.

மே மாத நைட் ஷிஃப்ட்டில் நான் பார்த்த ஐ.பி.எல். ஃபைனல் ஸ்கோர்! 'ரீஸ்டார்ட் பண்ணினா லாரி நின்னுடும்' என்று தள்ளிப்போட்டதும் நான்தான்.

அன்றே சர்வரிலிருந்து குரோமைக் கழற்றிவிட்டேன். கஜானா அறைக்கு ஜன்னல் எதற்கு?