நாங்கள் வெட்டிய பாட்டு

'தி சவுண்ட் ஆஃப் மியூசிக்' கதையை அறியாதவர் நம் பள்ளியில் உண்டோ? 1965இல் வெளிவந்த அத்திரைப்படத்தை நாங்கள் எத்தனை முறை பார்த்தோம் என்பதற்குக் கணக்கே இல்லை. இரட்டையரான நாங்கள் இருவரும் ஒரே வகுப்பு. பள்ளி விழாவில் அக்கதையை இருபது நிமிட நாடகமாக நடித்தபோது, ஒருத்தி மரியாவாகவும் மற்றவள் மூத்த மகள் லீசலாகவும் வந்தோம். மடத்தலைவி வேடம், அதிகம் பேசாத ஒரு தோழிக்குக் கிடைத்தது. ஒத்திகையில் நேரம் போதவில்லை. "மடத்தலைவியின் பாட்டை எடுத்துவிடலாம், ஆசீர்வதித்துவிட்டுப் போனால் போதும்" என்று நாங்களே முடிவு செய்தோம். அவள் ஒன்றும் சொல்லவில்லை. முக்காட்டைக் கழற்றி, மடித்து, எங்கள் கையில் தந்துவிட்டுப் போனாள்.

2023 மே மாத விடுமுறையில் மும்பையிலுள்ள சித்தி வீட்டிற்குச் சென்றோம். அவ்வாண்டுதான் திறக்கப்பட்ட நீத்தா முகேஷ் அம்பானி பண்பாட்டு மையத்திற்கு, வெளிநாட்டுக் குழுவொன்று இதே இசை நாடகத்தைக் கொண்டுவந்திருந்தது. ஏறத்தாழ 2000 பேர் அமரும் அரங்கு! தெரிந்த கதைதானே என்ற மிதப்பில் உட்கார்ந்தோம்.

ஆனால், படத்திற்கு முன்பே, 1959இல், நியூயார்க்கில் அரங்கேறியது இந்நாடகம். அதன் அமைப்பே வேறு என்பது எங்களுக்கு அன்றுதான் தெரிந்தது. கேப்டன் வீட்டிலிருந்து ஓடிவந்த மரியா, மடத்தலைவியின் முன் கலங்கி நிற்கிறாள். தலைவி பாடத் தொடங்குகிறார். அந்தப் பாட்டோடு முதற்பாகம் முடிந்து திரை விழுந்தது. அரங்கமே கைதட்டியது. எங்களுக்கோ அந்த மடித்த முக்காடுதான் கண்முன் நின்றது. அப்பாட்டு இல்லையேல் மரியா திரும்பிச் செல்வதேது? தாயற்ற எழுவருக்கும் தாய் கிடைப்பதேது? இறுதியில் குடும்பம் மலையைக் கடக்கும்போதும் அதே பாட்டு ஒலித்தது. நாங்கள் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

பள்ளி திறந்த அன்றே அவளிடம் மன்னிப்புக் கேட்டோம். "பாட்டு இன்னும் எனக்கு மனப்பாடம்தான்" என்றாள். மதிய இடைவேளையில் வேப்பமரத்தடியில் பாடினாள். உச்ச சுருதியில் குரல் சற்றே உடைந்தது. யாரும் சிரிக்கவில்லை.

அன்புத் தோழியரே! சிறிய வேடம் என்று நாம் ஒதுக்குவதில்தான் கதையின் உயிரே இருக்கலாம். இவ்வாண்டு விழாவுக்கு வேடங்களைப் பங்கிடும்போது இதனை நினைவில் வையுங்கள்.