பரம்பில் விட்டுவந்த கதை

மழை பெய்து ஓய்ந்த மறுநாள் ஆதிச்சநல்லூர்ப் பரம்பில் நடந்தால், சரள் மண்ணுக்குள்ளிருந்து வட்டம் வட்டமாகச் சிவப்பு விளிம்புகள் தலைகாட்டும். மேல்மண் கரைந்து முதுமக்கள் தாழிகளின் வாய் வெளியே தெரிகிற நேரம் அது. தாமிரபரணியின் தென்கரையில் 114 ஏக்கர் மேடு. திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் போகும் சாலை அதை அறுத்துக்கொண்டுதான் போகிறது. பேருந்து சன்னலோரம் இருப்பவருக்கு உடைமரமும் பனையும் நிற்கிற வறண்ட நிலம், அவ்வளவுதான். அந்தப் பக்கத்து ஊர்களில் வளர்ந்த எங்களுக்கோ அது ஆள் குடியிருக்கும் இடம்.

"அங்கன மிதிக்காத ஏட்டி, பெரியவுக இருக்காக" என்பாள் ஆச்சி. ஆடு பத்திக்கொண்டு போனாலும், விறகு பொறுக்கப் போனாலும், தாழி விளிம்பு தெரிகிற இடத்தில் சுற்றித்தான் கால் வைப்பாள். அதில் பயம் இருந்ததாக எனக்குத் தோன்றியதில்லை. திண்ணையில் கண்ணயர்ந்திருக்கும் பெரியவரைத் தாண்டாமல் விலகிப் போகிற மரியாதை அது.

அந்த மரியாதைக்குப் பின்னால் ஒரு கதை இருந்தது. ஆதியில் மனுசருக்குச் சாவு கிடையாது. வயது ஏற ஏற உடம்பு சுருங்கும். நிமிர்ந்து நடந்த தாத்தா குனிவார், பிறகு தவழ்வார், பிறகு கைப்பிள்ளை அளவுக்கு வந்துவிடுவார். அதற்கும் பிறகு கோழிக்குஞ்சு அளவு. பூனை கவ்விக்கொண்டு போகாமல் இருக்க விளக்கு மாடத்தில் தூக்கி வைப்பார்கள். பேரன் பேத்திகள் கஞ்சியில் துணியை நனைத்து வாயில் சொட்டவிடுவார்கள். ஒரு கட்டத்தில் வீட்டில் நான்கைந்து தலைமுறைக் கிழவர்கள் மாடங்களில் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள்; பார்த்துக்கொள்ள ஆள் போதாது. அப்போதுதான் குயவரிடம் பெரிய தாழி சொல்லி, உள்ளே அவரை உட்கார வைத்து, பக்கத்தில் நெல்லும் தினையும் தண்ணீரும் வைத்து, ஒரு விளக்கும் ஏற்றி, மூடிப் பரம்பில் இறக்குவார்களாம். ஆச்சி இந்த இடத்துக்கு வரும்போது அவள் குரல் எப்போதும் கொஞ்சம் இறங்கும். "வேற என்ன செய்ய முடியும் சொல்லு" என்று என்னிடமே கேட்பாள்.

தாழிக் கதை தமிழ்நாட்டில் இன்னும் எத்தனையோ ஊர்களில் உண்டு என்பது பிறகு தெரிந்தது. நிலத்தை உழும்போது, கிணறு வெட்டும்போது, இவ்வளவு பெரிய பானைக்குள் மனித எலும்பு கிடக்கக் கண்டவர்கள் கேட்டுக்கொண்ட கேள்விக்கு அது விடை: முழு ஆள் எப்படி இதற்குள் போனான்? தொல்லியலாளர்களின் விடை வேறு. சிலரைக் கால் மடக்கி உட்காரவைத்துப் புதைத்திருக்கிறார்கள். சிலரின் எலும்புகளை மட்டும் பிறகு பொறுக்கி இட்டிருக்கிறார்கள். புறநானூற்றின் 256ஆம் பாட்டில் கணவனை இழந்த பெண் ஒருத்தி குயவனிடம், தனக்கும் சேர்த்து இடம் இருக்கும்படி தாழியை அகலமாக வனையச் சொல்கிறாள். அந்தப் பாட்டைப் படித்த அன்று எனக்குப் பரம்புதான் நினைவுக்கு வந்தது. எங்கள் கதையில் வரும் குயவரும் அவனும் ஒரே ஆள் என்றே இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

எங்கள் ஆச்சி பிறப்பதற்கு முன்பே பரம்பிலிருந்து பொருள்கள் ஊரைவிட்டுப் போகத் தொடங்கிவிட்டன. 1876இல் ஜெர்மானியர் ஜாகோர் வந்து தோண்டி, கிடைத்தவற்றை பெர்லினுக்குக் கொண்டுபோனார். 1899இலிருந்து சில ஆண்டுகள் அலெக்சாண்டர் ரீ விரிவாகத் தோண்டினார். அதே காலத்தில் பிரான்சிலிருந்து லாப்பிக் வந்து எடுத்தவை பாரீசுக்குப் போயின. ரீ கண்டெடுத்தவை சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன: நெற்றியில் கட்டும் மெல்லிய பொன் பட்டங்கள், இரும்பு வாளும் ஈட்டியும், வெண்கலத்தில் எருமையும் சேவலும். பானைகளுக்குள் நெல், தினை உமியும் துணித் துணுக்கும்கூட அவருக்குக் கிடைத்தன.

எழும்பூர்க் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நான் நெடுநேரம் நின்றிருக்கிறேன். அந்த வெண்கல எருமையின் கொம்பு வளைவு அபாரமானது. எங்கள் ஊர் ஆற்றில் எருமைகள் தலையை மட்டும் மேலே நீட்டிக் கிடப்பதைப் பார்த்துப் பழகிய கைதான் அதை வார்த்திருக்க வேண்டும். பெருமையாக இருந்தது. கூடவே ஓர் ஆதங்கம். அது யாரோடு தாழிக்குள் போனதோ அவரிடமிருந்து பிரிந்து, எண்ணிட்ட பொருளாக அங்கே நிற்கிறது. ஆச்சி பார்த்திருந்தால் முதலில் "இது யாரோட சாமான்?" என்றுதான் கேட்டிருப்பாள்.

தோண்டவே கூடாது என்று நான் ஒருபோதும் சொல்லமாட்டேன். தோண்டியதால்தான் இந்த ஆற்றங்கரையின் பழமை உலகுக்குத் தெரிந்தது. 2004-05இல் இந்தியத் தொல்லியல் துறை சத்தியமூர்த்தி தலைமையில் மறுபடி அகழ்ந்தபோது சிறு பரப்பிலேயே 160க்கும் மேற்பட்ட தாழிகள் வந்தன. ஆற்றுக்கு அக்கரையில் சிவகளையில் ஒரு தாழிக்குள் கிடைத்த நெல்லுமியின் காலம் கி.மு. 1155 என்று 2021இல் சட்டமன்றத்திலேயே அறிவித்தார்கள். அந்தச் செய்தியை வாசித்தபோது எனக்குக் கண் கலங்கியது. பரம்பிலும் இப்போது அகழ்ந்த குழிகளின் மேல் கண்ணாடி பதித்து, தாழிகளை இருந்த இடத்திலேயே பார்க்கும்படி செய்திருக்கிறார்கள். பெர்லினுக்கும் பாரீசுக்கும் போனதை நினைத்தால், இது எவ்வளவோ மேல்.

ஆனாலும் என் ஏக்கம் பொருள்களுக்காக மட்டும் இல்லை. பொருள் எங்கே இருக்கிறது என்று தேடினால் தெரிந்துவிடும். ஆச்சியின் கதை எந்தப் பெட்டியிலும் இல்லை. கருங்குளத்தில் ஒரு மாதிரி, ஆற்றுக்கு அந்தப்புறம் ஸ்ரீவைகுண்டத்தில் இன்னொரு மாதிரி என்று வாய்க்கு வாய் மாறி வந்த கதை அது. மாடத்தில் வைத்தார்கள் என்பார் ஒருவர், உறியில் தொங்கவிட்டார்கள் என்பார் இன்னொருவர். சொன்னவர்கள் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். நாங்களோ படிப்பு, வேலை என்று ஊரைவிட்டு வந்துவிட்டோம். என் பிள்ளைகளுக்கு ஆதிச்சநல்லூர் எத்தனை ஆண்டு பழையது என்று தெரியும். தாழி விளிம்பைக் கண்டால் சுற்றிப் போக வேண்டும் என்பது தெரியாது. கண்ணாடித் தளத்துக்குப் பக்கத்தில் காலக்கணக்கோடு இந்தக் கதையையும், அதைச் சொல்லும் ஒரு கிழவியின் குரலிலேயே கேட்கும்படி வைத்திருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

ஆச்சியிடம் கேட்க வேண்டியது ஒன்று எனக்கு மிச்சம் இருக்கிறது. தாழிக்குள் நெல்லும் தினையும் வைத்தார்கள் என்று அவள் சொன்னது, உடைந்த தாழிக்குள் உமியைக் கண்ணால் பார்த்த யாரோ சொல்லியா? இல்லை, அதை உள்ளே வைத்தவர்களிடமிருந்து ஒரு ஆச்சி இன்னொரு ஆச்சிக்குச் சொல்லி அவள்வரை வந்ததா? முதலாவதாகத்தான் இருக்கும் என்று என் படிப்பு சொல்கிறது. ஆனால் அவள் என்ன சொல்லியிருப்பாள் என்பதைத்தான் நான் கேட்க ஆசைப்படுகிறேன்.