சுங்கை ரோட்டில் வாங்கிய பறக்கும் தட்டு

தேக்கா உணவங்காடி நிலையத்தில் அப்பா இன்னும் பழைய முறையில்தான் தேநீர் குடிக்கிறார். கோப்பையோடு தட்டும் கேட்டு வாங்குவார். சூடான தேநீரைத் தட்டில் ஊற்றி, இரண்டு முறை ஊதி, விளிம்பில் வாய் வைத்து உறிஞ்சுவார். சின்ன வயதில் எனக்கு அது வெட்கமாக இருக்கும். இப்போது சனிக்கிழமைக் காலை அந்தச் சத்தத்தைக் கேட்காவிட்டால் வாரம் முடிந்தது போலவே இருப்பதில்லை.

போன மாதம் அப்படி உட்கார்ந்திருந்தபோதுதான் பையிலிருந்து அந்தப் பெட்டியை எடுத்து அவர் முன் வைத்தேன். பிளாஸ்டிக் பாகங்களை ஒட்டிச் செய்யும் பறக்கும் தட்டு. வெளிநாட்டிலிருந்து இணையத்தில் வரவழைத்தது. அப்பா தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். “அதேதானா?” என்றார்.

அதேதான். 1998இல், எனக்குப் பத்து வயதில், சுங்கை ரோட்டில் ஐந்து வெள்ளிக்கு வாங்கித் தந்த அதே மாதிரி.

இளையர்களுக்காக ஒரு வார்த்தை. சிராங்கூன் சாலையிலிருந்து பத்து நிமிட நடையில் இருந்தது அந்தச் சந்தை. ‘திருட்டுச் சந்தை’ என்றுதான் பெயரே. 1930களில் தொடங்கியது. தரையில் தார்ப்பாய் விரித்து, ஓடாத கைக்கடிகாரம், ஒற்றைச் செருப்பு, பழைய நாணயம், வானொலிப் பெட்டி என்று பரப்பி வைத்திருப்பார்கள். என் வானொலி ஆசைக்கு அந்தத் தார்ப்பாய்களும் ஒரு காரணம். 2017 ஜூலை 10ஆம் தேதியோடு சந்தை மூடப்பட்டது. சில மாதங்களில் பக்கத்தில் ஜாலான் புசார் எம்ஆர்டி நிலையம் திறந்தது. இன்று அந்த வழியே நடந்தால், இங்கேதான் பேரம் பேசினோம் என்று காட்ட ஓர் அடையாளம்கூட இல்லை.

பறக்கும் தட்டின் கதை அதைவிட வேடிக்கையானது. 1947 ஜூன் 24 அன்று, கென்னத் ஆர்னல்ட் என்ற அமெரிக்க விமானி, ரெய்னியர் மலையருகே ஒன்பது பொருள்கள் அதிவேகமாகப் பறந்ததைக் கண்டதாகச் சொன்னார். தண்ணீரின் மேல் எறிந்த தட்டு தத்தித் தத்திப் போவதுபோல அவை பறந்தன என்பதுதான் தான் சொல்ல வந்தது என்று பின்னர் விளக்கினார். அவர் சொன்னது போக்கை. பத்திரிகைகள் பிடித்துக்கொண்டது வடிவத்தை. ஊடகம் படித்தவள் என்பதால் இதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் கூச்சம்தான். ஐந்தே ஆண்டுகளில், 1952இல், லிண்ட்பெர்க் என்ற அமெரிக்க நிறுவனம் அந்தத் தட்டைப் பிளாஸ்டிக்கில் வார்த்துப் பெட்டியில் போட்டு விற்றது. பிறகு பெட்டியின் படம் மாறியது, பெயர் மாறியது, தட்டு மட்டும் திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருந்தது.

சுங்கை ரோட்டுப் பெட்டியில் ஒரு குறை. மேலே கவிழ்க்கும் கண்ணாடி போன்ற மூடி இல்லை. மாமா கடைப் பொம்மை இயந்திரத்தில் விழும் பிளாஸ்டிக் உருண்டையின் பாதியை வைத்துப் பார்த்தோம். தட்டுக்குத் தலைக்கவசம் மாட்டியது போல இருந்தது. விமானி மூடி இல்லாமலேயே எங்கள் அலமாரியில் சில ஆண்டுகள் பறந்தார். வீடு மாறியபோது தொலைந்துபோனார்.

இந்த முறை முறையாகச் செய்ய முடிவெடுத்தோம். பிராஸ் பசா வளாகத்தில் பசையும் தூரிகையும் வாங்கிக்கொண்டு நார்த் பிரிட்ஜ் சாலையில் நடந்தோம். எதிரே உச்ச நீதிமன்றம். நார்மன் ஃபாஸ்டரின் நிறுவனம் வடிவமைத்து 2005இல் செயல்படத் தொடங்கிய கட்டடம். உச்சியில் அப்படியே ஒரு பறக்கும் தட்டு. அப்பா டாக்சி ஓட்டிய காலத்தில் சுற்றுப்பயணிகள் அதைக் காட்டிக் கேட்பார்களாம். “வந்து இறங்கி ரொம்ப நாளாச்சு, இன்னும் கிளம்பலை” என்பாராம்.

வீட்டுக்கு வந்து சாப்பாட்டு மேசையில் செய்தித்தாளை விரித்தோம். நான் விளக்கத்தாளைப் படிக்க, அப்பா அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. மேல் பாதியைக் கவிழ்த்து உள்பக்கத்தைத் தடவினார். சின்ன வட்டத் தழும்புகள் இருந்தன.

“இங்க பாரும்மா. எஜெக்டர் பின் இடிச்ச இடம். பிளாஸ்டிக் ஆறினதும் இந்தப் பின்தான் மோல்டுலேருந்து சாமானை வெளியே தள்ளும்.”

அப்பா அங் மோ கியோ தொழிற்பேட்டையில் பிளாஸ்டிக் வார்க்கும் தொழிற்சாலையில் இருந்தவர். அது எனக்குத் தெரியும். ஆனால் என்ன செய்தார் என்று கேட்டதே இல்லை. அன்று கேட்காமலேயே சொன்னார். உருகிய பிளாஸ்டிக்கை எஃகு அச்சுக்குள் அழுத்தத்தோடு செலுத்துவார்கள். அச்சின் இரண்டு பாதிகளும் சரியாக மூடவில்லை என்றால் இடுக்கில் கசிந்து மெல்லிய செதிலாக நிற்கும். விளிம்பை விரலால் தொட்டே அச்சு எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடலாம். எங்கள் தட்டின் விளிம்பிலும் செதில் இருந்தது. “நிறைய ஓட்டிட்டாங்க இந்த மோல்டை,” என்றார், சக ஊழியரைப் பற்றிச் சொல்வதுபோல.

உப்புத்தாளால் அதைத் தேய்த்துக்கொண்டே, தலை நிமிராமல், அந்த 1998ஐப் பற்றிச் சொன்னார். தொழிற்சாலை வேறு நாட்டுக்குப் போக முடிவானது. அச்சுகளை இயந்திரத்திலிருந்து கழற்றி, துரு ஏறாமல் கிரீஸ் தடவி, மரப்பெட்டியில் அடைத்துக் கொள்கலனில் ஏற்ற வேண்டும். அந்த வேலையை அப்பாவிடமே கொடுத்தார்கள். மூன்று வாரம். கடைசிப் பெட்டி ஏறிய வெள்ளிக்கிழமை அவருக்கும் கடிதம் வந்தது.

“மோல்டுக்கு எல்லாம் டிக்கெட் போட்டாங்க,” என்றார்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமைதான் சுங்கை ரோடு. அன்று அம்மா ஏன் அந்த ஐந்து வெள்ளிக்காக அப்படிக் கோபப்பட்டார் என்று 27 ஆண்டுகளாக எனக்குப் புரிந்ததில்லை. நாளெல்லாம் ஒலிவாங்கிக்கு முன் பேசிப் பிழைப்பவள் நான். அந்த நேரத்தில் ஒரு வார்த்தை வரவில்லை. பசைப் புட்டியைத் திறந்தேன்.

திறந்தவள் நேராக மூடியில் தடவப் போனேன். அப்பா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். இந்தப் பசை பிளாஸ்டிக்கைக் கரைத்துத்தான் ஒட்டும், தெளிவான பாகத்தில் பட்டால் பனி படர்ந்ததுபோல மங்கிவிடும் என்றார். பிள்ளைகளின் பள்ளிக்கூட வெள்ளைப் பசையை எடுத்துவரச் சொன்னார். பல்குத்தும் குச்சியின் நுனியால் ஒரு பொட்டு, சுற்றி இன்னும் சில பொட்டு. அவர் கை இப்போதெல்லாம் கொஞ்சம் நடுங்கும். குச்சியைப் பிடித்திருந்தபோது நடுங்கியதா என்று நான் கவனிக்கவில்லை, மூடியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

விமானியை உட்காரவைத்து மூடியைக் கவிழ்த்தார். சரியாகப் பொருந்தியது. வெள்ளி வண்ணம் பூசலாம் என்றேன். வேண்டாம், பூசினால் கோடு மறைந்துவிடும் என்றார். எந்தக் கோடு என்று கேட்டேன். விளிம்பைச் சுற்றி, அச்சின் இரண்டு பாதிகளும் சந்தித்த இடத்தில், நகத்தால் மட்டுமே உணரக்கூடிய ஒரு கோடு ஓடியது. என் விரலைப் பிடித்து அதன் மேல் ஒரு சுற்று ஓட்டிக் காட்டினார்.